வில்லா டோர்லோனியாவில் எது அசல், எது போலி?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ரோம் நகரில், நொமென்தானா சாலையில் இருக்கும் வில்லா டோர்லோனியாவுக்கு இந்த நண்பர் ஒரு காலைப் பொழுது போய் வந்திருக்கிறார். வழிகாட்டி அதை 'நியோகிளாசிக்கல் வில்லா', அதாவது நவசெவ்வியல் வில்லா, என்று அறிமுகப்படுத்தினாராம். உள்ளே போனால் இடிந்த ரோமானியக் கட்டடம், ஒரு கோயில், எகிப்திய எழுத்துகளோடு இரண்டு ஒபெலிஸ்க் தூண்கள், அரபுப் பாணியில் ஒரு கண்ணாடி மண்டபம், சுவிட்சர்லாந்து மலைக்குடிலில் தொடங்கி வேறு ஏதோவாக மாறிய ஒரு வீடு, போதாக்குறைக்கு முசோலினியின் பதுங்குகுழி. "இதில் எது அசல், எது போலி? இந்தக் கதம்பத்தை ஒரே பாணியின் பெயரால் எப்படி அழைக்கிறார்கள்? எல்லாவற்றையும் கட்டியது முசோலினியா?" என்று கேட்டிருக்கிறார். கடைசிக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: இல்லை, அவர் அங்கே 18 ஆண்டுகள் குடியிருந்தவர் மட்டுமே. மற்ற இரண்டும் உண்மையில் ஒரே கேள்விதான். பழையதைப் போலத் தெரிய வேண்டும் என்றே ஒன்றைக் கட்டினால் அதை ஏமாற்று என்பதா, பாணி என்பதா?

பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். 2004இல் சுதை வேலை பயில்வதற்காகச் சில மாதங்கள் ரோமில் இருந்தேன். அப்போது இந்த வில்லாவின் முதன்மைக் கட்டடம் சாரம் கட்டி மூடிக்கிடந்தது. அது திறந்த பிறகு இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறேன். எனவே சுவர், பூச்சு, தூண் பற்றி நான் சொல்வது கைப்பழக்கத்திலிருந்து வருவது. குடும்ப வரலாறும் ஆண்டுக்கணக்கும் ஏற்கெனவே அச்சில் உள்ளவை. இவ்விரண்டும் எங்கே பிரிகின்றன என்பதை ஆங்காங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வது நல்லது. ரோமானியர்கள் வில்லா என்று சொல்வது ஒரு வீட்டை அல்ல. மதில், தோப்பு, நடைபாதை, குதிரை லாயம், வீடுகள் எல்லாம் சேர்ந்த முழு வளாகத்தை. இன்று எஞ்சியிருக்கும் வில்லா டோர்லோனியா சுமார் 13 ஹெக்டேர் பரப்பு. அதற்குள் இருக்கும் பெரிய வீட்டின் பெயர் காசினோ நோபிலே. காசினோ என்றதும் சூதாட்டக்கூடம் நினைவுக்கு வர வேண்டாம். சிறுவீடு என்பதுதான் அச்சொல்லின் பொருள். 'நோபிலே' என்றால் பிரபுவினுடையது. ஆக, 'நவசெவ்வியல் வில்லா' என்று வழிகாட்டி சொன்னது இந்த வளாகத்தின் முதல் திட்டத்துக்கும் பெரிய வீட்டுக்கும் பொருந்தும். மூலைமுடுக்கில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் பொருந்தாது. பாதிக் குழப்பம் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

நவசெவ்வியல் என்பது பழமையின் மீதான பொதுவான ஆசை அல்ல. அந்த ஆசை இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. எரிமலைக்குள் புதைந்த ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியத்தில் 1738இலும் பொம்பெயியில் 1748இலும் அகழ்வு தொடங்கிய பிறகு, பழைய ரோமானியர்களும் கிரேக்கர்களும் எப்படிக் கட்டினார்கள் என்பதை ஊகிக்காமல் அளந்தே பார்க்கலாம் என்ற துணிவு வந்தது. அலங்காரத்தைக் குறைத்து, தூணைத் தூணாகவும் சுவரைச் சுவராகவும் தெரியவிடுவதே உயர்ந்த ரசனை என்று விங்கெல்மான் போன்ற கலை அறிஞர்கள் வாதிட்டார்கள். அந்த வாதம் பிறந்த வீடும் ரோமில்தான் இருக்கிறது. கர்தினால் அலெஸ்ஸாந்த்ரோ அல்பானி, தன் பழஞ்சிற்பங்களை வைப்பதற்காகவே கார்லோ மார்கியோன்னியைக் கொண்டு கட்டுவித்த வில்லா அல்பானி அது. விங்கெல்மான் அந்தக் கர்தினாலிடம் நூலகராக இருந்தார். 1761இல் ஓவியர் மெங்ஸ் அங்கே விதானத்தில் தீட்டிய பார்னாசஸ் ஓவியத்தை நவசெவ்வியல் ஓவியத்தின் தொடக்கங்களில் ஒன்றாகக் கலை வரலாற்றாளர்கள் எண்ணுகிறார்கள். இந்த வில்லாவை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. 1866இல் அதையும் வாங்கிக்கொண்டது இதே டோர்லோனியா குடும்பம்தான்.

டோர்லோனியாக்கள் பழைய பிரபுக்கள் அல்லர் என்பதை மறந்தால் இந்த வளாகத்தில் எதுவுமே புரியாது. குடும்பத்தின் மூத்தவரான மரினோ, பிரான்சின் ஓவர்ன் பகுதியிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் ரோமுக்கு வந்து துணி வியாபாரம் செய்தவர். அவருடைய மகன் ஜோவன்னி வட்டிக்கடையை வங்கியாக வளர்த்தார். 1797இல் நெப்போலியன் தொலெந்தினோ உடன்படிக்கையின் மூலம் போப்பின் அரசிடமிருந்து பெருந்தொகையையும் கலைப்பொருள்களையும் கறந்துகொண்டிருந்தார். அதே ஆண்டில் ஜோவன்னி, பழம்பெரும் கொலோன்னா குடும்பத்திடமிருந்து நொமென்தானா சாலையோரத் தோட்டத்தை வாங்கினார். மார்க்கி பட்டமும் அதே ஆண்டில் வந்தது. பிறகு பிராச்சியானோவின் டியூக், 1814இல் சிவிதெல்லா சேஸியின் இளவரசர் என்று பட்டங்கள் வரிசையாக வந்தன. பணம் முதலில் வந்தது, பட்டம் அடுத்து வந்தது, மூதாதையர்தான் பாக்கி. பிறரிடம் பரம்பரையாக இருந்த பழஞ்சிற்பங்களை இவர் ஏலத்திலும் அடமானத்திலும் சேர்த்தார். 1799இல் இறந்துபோன பார்த்தொலோமியோ கவாச்செப்பி என்ற சிற்பியின் பட்டறைச் சரக்கை 1800இல் மொத்தமாக வாங்கினார். கவாச்செப்பி யார் என்பது நம் கேள்விக்கு முக்கியம். மண்ணிலிருந்து வந்த பழைய உடலுக்குப் புதுக் கையும் புது மூக்கும் செதுக்கி ஒட்டி முழுமையாக்கித் தருவதில் அந்த நூற்றாண்டில் பேர்போனவர். அதாவது ஜோவன்னி வாங்கிய 'அசல்' சிற்பங்களிலேயே எவ்வளவு அசல் என்பது சிற்பத்துக்குச் சிற்பம் மாறும்.

வாங்கிய தோட்டத்தை வில்லாவாக்கும் வேலையை ஜோவன்னி, ஜுசெப்பே வலாதியே என்ற கட்டடக் கலைஞரிடம் கொடுத்தார். 1802 முதல் 1806 வரை வேலை நடந்தது. வலாதியே புதிதாக ஒரு மாளிகையை எழுப்பவில்லை. அங்கே ஏற்கெனவே இருந்த இரண்டு வீடுகளை எடுத்து மாற்றினார். ஒன்று காசினோ நோபிலே ஆயிற்று, மற்றொன்று இன்று காசினோ தெய் பிரின்சிப்பி எனப்படும் சிறிய வீடு. லாயங்களையும் ஒரு பெரிய வாயிலையும் கட்டினார். அந்த வாயில் பிற்காலத்தில் சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. தோட்டத்துக்கு அவர் கொடுத்தது மரக்கன்றுகளை அல்ல, ஒரு கணக்கை. நேர்கோட்டில் ஓடும் நடைபாதைகள் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும். முதன்மைப் பாதையின் முடிவில் வீடு நிற்கும். நுழைந்தவனின் கண் எங்கே போக வேண்டும் என்பதை அவனுக்குத் தெரியாமலே தீர்மானிக்கும் திட்டம் இது. காசினோ நோபிலேயின் நடுக்கூடத்தை இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்துவிட்டு நடனக்கூடமாக்கியதும் இந்த ஒழுங்கின் தொடர்ச்சிதான். கூடம் நடுவில், மற்ற அறைகள் அதைச் சுற்றி.

என்னைப் போன்ற பழுதுபார்ப்பவர்களுக்கு வலாதியே வேறொரு காரணத்துக்காக முக்கியமானவர். ரோமன் ஃபோரத்தில் (பண்டைய ரோமின் பொதுச் சதுக்கம்) இருக்கும் தைத்தஸ் வளைவு, இடைக்காலத்தில் கோட்டைச் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டு, அந்தச் சுவர் நீங்கியதும் நிற்கவே முடியாத நிலையில் இருந்தது. ரஃபாயெல்லே ஸ்தெர்ன் தொடங்கிய பழுதுபார்ப்பை 1820-களின் தொடக்கத்தில் வலாதியே முடித்தார். பழைய சலவைக்கல் எஞ்சியிருந்த இடத்தில் அதையே விட்டார். இல்லாமல் போன பகுதிகளை டிராவர்டைன் கல்லில், செதுக்கு வேலை இல்லாமல், உருவக்கோடு மட்டும் தெரியும்படி நிரப்பினார். புதுத் தூணில் வரிப்பள்ளம்கூடக் கிடையாது. பத்தடி தள்ளி நின்றால் வளைவு முழுமையாகத் தெரியும். நெருங்கினால் எது முதல் நூற்றாண்டு, எது 19ஆம் நூற்றாண்டு என்பது குழந்தைக்கும் தெரியும். இன்று பழுதுபார்ப்பவர்கள் வேதவாக்காகக் கொள்ளும் நெறி இது. இதே மனிதர் முதலில் வடிவமைத்த வளாகத்தில்தான், அவர் உயிரோடு இருக்கும்போதே, வேறொருவர் பொய் இடிபாடுகளை எழுப்பத் தொடங்கினார்.

அதற்குப் போகுமுன் பொருள் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைக் கல்லாகத் தெரிவதெல்லாம் கல் என்று நண்பர் நினைத்திருக்கிறார். அக்காலத்து ரோமானிய வீடுகளில் பெரும்பாலும் உள்ளே செங்கல்லும் எரிமலைச் சாம்பல் கலந்த சாந்தும், வெளியே சுண்ணாம்புச் சுதையும்தான். நம் கோபுரச் சுதைக்கும் அதற்கும் அடிப்படை ஒன்றே. நாம் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்ப்போம். அவர்கள் கடைசிப் பூச்சில் பொடித்த சலவைக்கல்லைச் சேர்த்து, ஈரம் இறங்குமுன் கரணையால் அழுத்தித் தேய்ப்பார்கள். பளபளப்பு அப்படி வருவது. கல்லடுக்கு போலத் தெரியும் இணைப்புக் கோடுகள் ஈரச் சுதையில் கீறியவை. அறைகளுக்குள்ளே வண்ணச் சலவைக்கல்லாகத் தெரியும் தூண்களில் கையை வைத்துப் பார்த்தால் (காவலர் பார்க்காதபோது என்று சொல்லக் கூடாது, ஆனால் நான் வைத்தேன்) கல்லின் குளிர்ச்சி இராது. ஜிப்சமும் பசையும் நிறமும் பிசைந்து மெருகேற்றிய ஸ்காலியோலா அப்படித்தான் இருக்கும். பணமில்லாமல் செய்த சிக்கனம் என்று இதை நினைக்கக் கூடாது. ரோமின் பெரும் பணக்காரர் வீடு இது. சுதையில் தச்சனும் கொத்தனும் நினைத்த விகிதத்தைத் துல்லியமாகக் கொண்டுவர முடியும், வேகமாகவும் முடியும். விகிதம்தான் அந்தப் பாணியின் உயிர், கல் அல்ல.

1829இல் ஜோவன்னி இறந்தார். மகன் அலெஸ்ஸாந்த்ரோ 1832இல் ஜோவன்னி பத்திஸ்தா கரெத்தி என்ற ஓவியரும் கட்டடக் கலைஞருமான ஒருவரை அழைத்துவந்தார். தகப்பனுக்கு மரியாதை தேவைப்பட்டது; மகனுக்கு அது பிறப்பிலேயே கிடைத்துவிட்டதால் காட்சி தேவைப்பட்டது. (இது என் வாசிப்பு, ஆவணம் அல்ல.) கரெத்தி வலாதியேயின் வீட்டை இடிக்கவில்லை, அதன்மேல் உடுத்தினார். முகப்பில் பெரிய தூண்களும் முக்கோண முகடும் கொண்ட முன்மண்டபம் வந்தது. உள்ளே அறைக்கு ஒரு உலகம்: ஒன்று எகிப்து, ஒன்று கோதிக், ஒன்று பாக்கஸ், ஒன்று சைக்கி, ஒன்று இத்தாலியக் கவிஞரும் கலைஞரும். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே ஆயிரம் ஆண்டு, ஒரு நிலைப்படி.

அந்த முக்கோண முகட்டை நம்மவர்கள் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ரினால்டோ ரினால்டி சுடுமண்ணில் செய்த புடைப்புச் சிற்பம் அது. இந்தியாவை வென்று திரும்பும் பாக்கஸ் அதன் பொருள். திராட்சைக்கடவுள் இந்தியாவரை படையெடுத்துப்போய் வென்ற கதை, அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பிறகு கிரேக்க-ரோமானிய உலகில் பெருகிய ஒன்று. வீட்டு உரிமையாளரின் பெயர் அலெஸ்ஸாந்த்ரோ, அதாவது அலெக்சாந்தர். இந்தியாவிலிருந்து வெற்றியோடு திரும்பும் கடவுளைத் தன் வாசலுக்கு மேலே வைத்ததில் பெயர்ப்பொருத்தம் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சிற்பத்தின் பொருள் உறுதி. இந்தக் காரணம் ஊகம்.

இனி இடிபாடுகள். கரெத்தி வளாகத்துக்குள் சாட்டர்ன் கோயிலையும், நீரூற்றோடு கூடிய மேடையையும், பொய் இடிபாடுகள் என்றே இத்தாலியர்கள் அழைக்கும் அந்தக் கட்டடத்தையும் எழுப்பினார். அரங்கவட்டம், காபி வீடு, சிற்றாலயம் என்று அவர் கட்டிய வேறு சில இப்போது இல்லை. கோயிலைப் பொறுத்தவரை யாரும் ஏமாற வேண்டியதில்லை. தோட்டத்துக்குள் ஒரு கோயிலை நிறுத்துவது அப்போதைய வழக்கம், வில்லா போர்கேசேயின் ஏரிக்கரையில் அஸ்ப்ருச்சி கட்டிய எஸ்குலேப்பியஸ் கோயில் அதற்குப் பக்கத்திலேயே உள்ள முன்மாதிரி. இடிபாடுகளில்தான் நண்பர் ஏமாந்திருக்கிறார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏனென்றால் கரெத்தி புதுச் சுவருக்குள் உண்மையான பழைய சலவைக்கல் துண்டுகளையும் கலந்து வைத்திருக்கிறார். துண்டு பழையது, சுவர் புதியது, உடைவு வரைந்தது. உண்மையான இடிபாட்டில் சுவர் எங்கே வலுவிழந்ததோ அங்கே உடையும்: வளைவின் உச்சி, இரு சுவர் சேரும் மூலை, தண்ணீர் இறங்கிய தடம். விழுந்த பொருள் கீழே குவியும், அல்லது அதை யாரோ எடுத்துப்போன அடையாளம் இருக்கும். வரைந்த இடிபாட்டில் உடைவு பார்வைக்கு எங்கே அழகோ அங்கே இருக்கும். உடைந்த விளிம்புக்கு மேலே மழை உள்ளே இறங்காதபடி பூசியிருப்பார்கள். இடிந்துபோன ஒன்று மேலும் இடிந்துவிடக் கூடாது என்று பாதுகாப்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தச் சோதனைகள் சந்தேகத்தைக் கிளப்பப் போதுமானவை, காலத்தை நிர்ணயிக்கப் போதுமானவை அல்ல. இப்போது கரெத்தியின் இடிபாடே ஏறக்குறைய இருநூறு ஆண்டுப் பழமையை நெருங்குகிறது. அதன் பொய்ச் சிதைவின் மேல் உண்மையான சிதைவு படிந்துவிட்டது. இரண்டையும் வெறுங்கண்ணால் பிரிக்க என்னாலும் எல்லா இடத்திலும் முடியவில்லை. சாந்தை எடுத்துச் சோதித்தால்தான் முடியும்.

ஒபெலிஸ்க்குகளின் கதை இதைவிடச் சுவையானது. ரோமில் உண்மையான எகிப்திய ஒபெலிஸ்க்குகள் பல உண்டு; பேரரசர்கள் கப்பலில் கொண்டுவந்தவை. டோர்லோனியாவின் இரண்டும் அந்த வகை அல்ல. வட இத்தாலியில் மஜ்ஜோரே ஏரிக்கரையில் உள்ள பவேனோவில் வெட்டிய இளஞ்சிவப்புக் கருங்கல் அவை. அலெஸ்ஸாந்த்ரோ தன் தகப்பனுக்கும் தாய்க்கும் ஆளுக்கொன்றாக நிறுத்த நினைத்தார். அங்கிருந்து ரோமுக்குச் சாலை வழியே அவ்வளவு பெரிய கல் வர முடியாது. எனவே நீர்வழியே வெனிஸுக்கு இறக்கி, கப்பலில் ஏற்றி, இத்தாலியின் காலைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுவந்து, தைபர் ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு, அங்கிருந்து அனியேனே ஆற்றுக்குத் திரும்பி, நொமென்தானா சாலைக்கு அருகே இறக்கினார்கள். பழைய பேரரசர்கள் நைல் நதியிலிருந்து செய்ததை ஒரு வங்கிக்காரர் தன் சொந்தச் செலவில் மறுபடி நடத்திக்காட்டினார். கல்லில் என்ன எழுதுவது? எகிப்தியச் சித்திர எழுத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் படித்துக்காட்டியே அப்போது இருபது ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த எழுத்தைக் கற்றிருந்த பாதிரியார் லுயிஜி மரியா உங்கரெல்லி, டோர்லோனியாக்களைப் புகழ்ந்து எகிப்திய மொழியில் வாசகம் அமைத்தார். 1842இல் தூண்கள் நிமிர்ந்தன, போப் 16ஆம் கிரகோரி பார்க்க வந்தார். ஆக, கல் எகிப்தினுடையது அல்ல, காலமும் அல்ல, எழுத்து மட்டும் படித்தால் பொருள் தரும் எழுத்து. முந்தைய நூற்றாண்டுகளில் ரோமில் அழகுக்காகக் கீறிய பொருளற்ற சித்திர எழுத்துகளோடு ஒப்பிட்டால், இது ஒருவகையில் நாணயமான போலி.

தெற்குப் பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம். அங்கே வேலை செய்தவர் வெனிஸில் பிறந்த ஜுசெப்பே யாப்பெல்லி; பதுவாவில் பேர்பெற்ற பெத்ரோக்கி காபி விடுதியைக் கட்டியவர். வலாதியேயின் செங்கோணங்களுக்கு நேர் எதிராக, வளைந்து நெளியும் பாதை, மேடு பள்ளம், திருப்பத்துக்கு ஒரு வியப்பு என்ற ஆங்கிலத் தோட்ட வகையை அவர் 1840ஐ ஒட்டி இங்கே அமைத்தார். அரபுப் பாணிக் கண்ணாடி மண்டபமும் கோபுரமும் அவருடையவை. சுவிஸ் குடிலும் அவருடையதே. அதை 1908 முதல் பேரன் தலைமுறையைச் சேர்ந்த இளைய ஜோவன்னி கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, வண்ணக் கண்ணாடிகளால் நிறைத்ததுதான் நண்பர் பார்த்த ஆந்தை வீடு, காசினா தெல்லே சிவெத்தே. அது நவசெவ்வியலும் அல்ல, இடைக்காலமும் அல்ல. 20ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதி. ரைமொந்தி கட்டிய நாடக அரங்கைப் பற்றி ஒரு செய்தி மட்டும். அங்கே சுவரோவியம் தீட்டியவர்களில் ஒருவர் கொஸ்தான்தினோ புரூமிடி. 1852இல் அமெரிக்காவுக்குப் போய், வாஷிங்டன் கேப்பிடல் கட்டடத்தின் கவிமாடத்துக்கு உள்ளே அந்தப் பெரிய ஓவியத்தை 1865இல் முடித்தவர் அவர்தான்.

இப்போது கேள்விக்கு நேரான பதில். போலி என்று ஒன்றைச் சொல்ல, யாரையாவது ஏமாற்றும் நோக்கம் இருக்க வேண்டும். 1840-களில் இந்தத் தோட்டத்துக்கு விருந்துக்கு வந்த யாருக்கும் இடிபாடு நேற்றுக் கட்டியது என்று தெரியும்; அதுதான் அதன் ரசனையே. நாடகத்தில் ராஜா வேடம் போட்டவரைப் போலி ராஜா என்று யாரும் சொல்வதில்லை. ஏமாற்று பிறகு நேர்ந்தது. நிகழ்ச்சி நிரலை அறிந்தவர்கள் எல்லாம் போய்விட்டு மேடை மட்டும் எஞ்சியபோது, நாம் அதை வரலாறு என்று படிக்கிறோம். நவசெவ்வியல் என்ற பெயரை வலாதியேயின் அடித்திட்டத்துக்கும் காசினோ நோபிலேயின் உடற்கட்டுக்கும் ஒதுக்கிக்கொண்டு, கரெத்தியையும் யாப்பெல்லியையும் பல பாணிகளைக் கலந்தெடுத்த அடுத்த தலைமுறை என்று வைத்துக்கொண்டால் வளாகம் தெளிவாகிவிடும். என் சொந்த விருப்பம் வலாதியே பக்கம். ஆனால் மக்கள் கூட்டம் எப்போதும் ஆந்தை வீட்டின் முன்தான் நிற்கிறது, அதையும் பதிவு செய்ய வேண்டும்.

முசோலினி 1925இல் இங்கே குடிவந்து 1943 ஜூலையில் பதவி பறிபோகும் வரை காசினோ நோபிலேயில் இருந்தார். வாடகை ஆண்டுக்கு ஒரு லிரா, பெயரளவுக்கு. மேலே சுவரில் அவர் பெரிதாக எதையும் மாற்றவில்லை; கீழேதான் மாற்றினார். போர் மூண்டதும் முதலில் தோட்டத்திலிருந்த ஒயின் நிலவறையைப் பதுங்கிடமாக்கினார்கள், பிறகு வீட்டின் அடித்தளத்தை வலுப்படுத்தினார்கள், கடைசியாக வீட்டுக்கு முன்னால் ஆழத்தில் தடித்த கான்கிரீட்டில் ஒன்றைத் தொடங்கி, முடிக்குமுன் அவரே போய்விட்டார். அதன் பிறகு 1944 முதல் 1947 வரை நேச நாட்டுப் படைத் தலைமை இங்கே தங்கியது. அந்த ஆண்டுகளிலும் அடுத்து வந்த பாராமுகத்திலும் வில்லா பட்ட சேதம், நூறு ஆண்டு வெயில் மழையில் பட்டதைவிட அதிகம். 1977இல் ரோம் மாநகராட்சி கையகப்படுத்தி, அடுத்த ஆண்டு பூங்காவாகத் திறந்தது. ஆந்தை வீடு 1991இல் தீப்பிடித்தது. 1997இல்தான் அருங்காட்சியகமாகத் திறந்தது. காசினோ நோபிலே 2006இலும், நாடக அரங்கு 2013இலும் திறந்தன. ஆகவே இன்று நாம் தொடும் பூச்சில் கணிசமானது நம் காலத்துப் பழுதுபார்ப்பு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே, இந்த வளாகத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பழங்காலத்தைச் சேர்ந்த பெரிய கட்டுமானம் ஒன்று இருக்கிறது. அதை நண்பர் பார்த்திருக்க முடியாது, ஏனென்றால் அது மண்ணுக்குள் இருக்கிறது, பொதுமக்களுக்கு வழக்கமாகத் திறப்பதும் இல்லை. 1918இல் லாயத்தின் அடித்தளத்தை வலுப்படுத்தத் தோண்டியபோது பண்டைய ரோமின் யூதர்கள் பயன்படுத்திய நிலத்தடிக் கல்லறைச் சுரங்கம் வெளிப்பட்டது. சுவர்களில் ஏழு கிளை விளக்கு ஓவியங்கள் உள்ளன. அதன் காலம் பற்றி நெடுநாள் வாதம் உண்டு. பாணியை வைத்துப் பார்த்தவர்கள் 3, 4ஆம் நூற்றாண்டு என்றார்கள். 2005இல் ஓர் ஆய்வுக் குழு என் மனத்துக்கு நெருக்கமான ஒரு வழியைக் கையாண்டது. சுண்ணாம்பைக் காளவாயில் சுடும்போது விறகின் கரித்துகள் அதில் தங்கிவிடும், அது சாந்திலும் வரும். கல்லறைகளை மூடிய சாந்திலிருந்து அந்தக் கரியை எடுத்துக் கதிரியக்கக் கார்பன் சோதனை செய்தார்கள். கிறிஸ்தவர்களின் நிலத்தடிக் கல்லறைகளுக்கு ஒரு நூற்றாண்டாவது முந்தையதாக இந்தச் சுரங்கம் தொடங்கியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. சோதனையில் குறை இல்லை, ஆனால் கரி காட்டுவது மரம் வளர்ந்த காலத்தையே தவிரக் கல்லறையை மூடிய நாளை அல்ல. பழைய உத்தரத்தை விறகாக்கியிருந்தால் கணக்கு முன்னால் போய்விடும். எனவே 'பழங்காலத்தது' என்பது உறுதி, 'எந்த நூற்றாண்டில் தொடங்கியது' என்பது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

மறுபடி ஒரு காலைப் பொழுது கிடைத்தால் என்ன செய்வது என்றும் நண்பர் கேட்டிருந்தார். நொமென்தானா வாயிலில் நுழைந்ததும் ஆந்தை வீட்டுக்கு ஓடாமல், முதலில் காசினோ நோபிலேயின் நேர்ப்பாதையில் நின்று, முன்மண்டபத்தை மனத்தால் அகற்றிவிட்டு வீட்டைப் பாருங்கள், வலாதியே தெரிவார். பிறகு நடனக்கூடம். பிறகு ஒபெலிஸ்க்கின் அடியில் போய், தூரத்தில் வழவழப்பாகத் தெரிந்த கல்லில் எழுத்தின் விளிம்பு எவ்வளவு கூர்மையாக, தேய்வில்லாமல் இருக்கிறது என்று பாருங்கள். மூவாயிரம் ஆண்டு மணற்காற்று பட்ட கல் அப்படி இராது. கடைசியாகப் பொய் இடிபாடு. நேரம் மிஞ்சினால் அதே நாள் மாலையில் ஃபோரத்துக்குப் போய்த் தைத்தஸ் வளைவின் கீழே நின்று, வரிப்பள்ளமுள்ள பழைய தூணையும் அதன் பக்கத்திலேயே வெறுமையாக நிற்கும் டிராவர்டைன் தூணையும் மாறிமாறிப் பாருங்கள். வெயில் சாயும்போது அந்த வேறுபாடு இன்னும் நன்றாகத் தெரியும்.